தரகனைத் தேடி: கப்பல் வாங்கும் கதைகளை வாசித்தல்

கட்சிக்காரத் தோழர் ஒருவர் ஒரு சிறு வெளியீடு கேட்டார். நீர்மூழ்கிக் கப்பல் பேரங்களைப் பற்றி முப்பது பக்கம். 'தோழர், ரொம்பத் தத்துவமெல்லாம் வேணாம். எவன் எத்தனை கோடி அடிச்சான்னு போடுங்க, போதும். மத்ததை யாரு படிக்கப் போறா?' என்றார். சரி என்று உட்கார்ந்தேன். நாலு பக்கம் போனதும் கை நின்றுவிட்டது. இதை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். 1989 தேர்தல் சமயத்தில், ராத்திரி முழுக்க ஸ்டென்சில் வெட்டி, விடிகாலையில் பேருந்து நிலையத்தில் விநியோகித்த அதே துண்டுப் பிரசுரம். பீரங்கி என்றிருந்த இடத்தில் நீர்மூழ்கி. பெயர்கள் வேறு. தொகை வேறு. 'மக்கள் பணம்' என்ற சொல்லும், கடைசியில் போட்ட ஆச்சரியக்குறியும்கூட மாறவில்லை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒருவன் ஒரே பிரதியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறான் என்றால், எழுதுவது அவன் அல்ல. கதையின் அமைப்பு அவனை எழுதவைக்கிறது. அந்த அமைப்பைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். ஒரு கடற்படை கப்பல் வாங்குவதை நாம் என்ன வகைக் கதையாகச் சொல்லிக்கொள்கிறோம், மற்ற நாடுகளில் அதே காரியம் என்ன வகைக் கதையாகச் சொல்லப்படுகிறது, வகை மாறும்போது எது கண்ணில் படுகிறது, எது கண்ணுக்குத் தப்புகிறது என்பவை என் கேள்விகள். ஆயுத வியாபாரத்தின் நிபுணன் அல்ல நான். பிரதிகளை வாசிக்கிறவன் என்ற அளவில்தான் இதில் தலையிடுகிறேன்.

விளாதிமிர் ப்ராப் 1928இல் ருஷ்ய மாயக் கதைகளை எடுத்துக்கொண்டு அவற்றின் உருவவியலைச் செய்தபோது, எல்லாக் கதைகளுக்கும் பொதுவாக முப்பத்தொரு செயல்களை வரிசைப்படுத்தினார் என்பது நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். அதில் எட்டாவது செயல்தான் கதையை நகர்த்துவது. அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றார் அவர். ஒன்று, வில்லன் ஒரு தீங்கு செய்கிறான், இளவரசி கடத்தப்படுகிறாள். அல்லது ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கிறது; அரசனுக்கு மாயக் கனி வேண்டும், மகனுக்குப் பெண் வேண்டும். தீங்கு அல்லது இல்லாமை. இந்த இரண்டாவது வகையில் வில்லன் தேவையே இல்லை. இல்லாததைத் தேடிப் போகிற பயணமே கதையாகிவிடும்.

நம் நாட்டில் ராணுவக் கொள்முதல் பற்றிய எதிர்ப்புச் சொல்லாடல் முழுவதும் முதல் வகை. அரசின் சொல்லாடல் முழுவதும் இரண்டாம் வகை: 'நம்மிடம் போதுமான கப்பல் இல்லை.' இரண்டு தரப்பும் சண்டை போடுகிற மாதிரி தெரிகிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டு ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. நாம் திருடன் யார் என்று கேட்கிறோம். இல்லாமையை எழுதியது யார் என்று கேட்பதில்லை.

*

முதலில் நம்முடைய மூலக் கதை. 1981 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் ஹெச்.டி.டபிள்யூ நிறுவனத்தோடு நாலு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம். இரண்டு கீல் நகரத்தில் கட்டப்பட்டு 1986இல் சேர்ந்தன. மற்ற இரண்டு பம்பாய் மசகான் டாக்கில் கட்டப்பட்டு 1992இலும் 1994இலும் சேர்ந்தன. மேலும் இரண்டு வாங்கும் யோசனை இருந்தது. 1987 தொடக்கத்தில் பான் தூதரகத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. விலையைக் குறைக்க நிறுவனம் தயாராக இல்லை, ஏனென்றால் 7 சதவீதம் தரகு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. பி. சிங் ஏப்ரல் 9 அன்று விசாரணைக்கு உத்தரவிட்டார், 12 அன்று பதவி விலகினார். 16 அன்று ஸ்வீடன் வானொலி பீரங்கிச் செய்தியை ஒலிபரப்பியது. ஒரே வாரம். இந்திய அரசியலின் அடுத்த பத்து வருஷச் சொற்களஞ்சியம் அந்த ஒரு வாரத்தில் உருவானது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஹெச்.டி.டபிள்யூ வழக்கில் கடைசிவரை யாருக்கும் தண்டனை இல்லை. இது நமக்குத் தெரியும், எழுதியும் இருக்கிறோம். நாம் எழுதாதது வேறு. அந்த நிறுவனம் ஒதுக்கிவைக்கப்பட்டது. ஐந்தாவது, ஆறாவது கப்பல் கைவிடப்பட்டன. 1994இல் கடைசிக் கப்பலை முடித்த பிறகு மசகான் டாக்கின் நீர்மூழ்கிப் பட்டறையில் வேலை இல்லை. தடித்த எஃகை வளைத்துப் பற்றவைக்க ஜெர்மனியில் பயிற்சி பெற்று வந்தவர்கள் கலைந்துபோனார்கள். அடுத்த நீர்மூழ்கிக்காக அங்கே எஃகு வெட்டியது 2006இல். அதாவது பன்னிரண்டு வருஷம். 'தொழிலாளி வர்க்கம்' என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற நம் பிரசுரங்களில் அந்த வெல்டர்கள் ஒரு வரிகூட வரவில்லை. தரகனுக்குப் பத்துப் பக்கம், வெல்டருக்கு ஒன்றுமில்லை. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் லஞ்சம் 1999 வரை ஜெர்மன் சட்டத்தில் தொழிற்செலவு, வரியில் கழித்துக்கொள்ளலாம். அதாவது அந்த மாதிரிப் பணம் கீல் நகரத்துக் கணக்கேட்டில் ஒரு சாதாரண வரி, கரி வாங்கிய செலவு மாதிரி. டெல்லிக்கு வந்ததும் அது மகாபாதகம். ஒரே தொகை, இரண்டு பிரதிகள். குற்றம் என்பது தொகையின் குணம் அல்ல, அது எழுதப்படுகிற ஏட்டின் குணம் என்று இதைச் சொல்லலாம். அதனால் லஞ்சம் சரி என்கிறேனா? இல்லை. நாம் 'ஊழல்' என்ற சொல்லைப் பாவம் என்கிற அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம் என்கிறேன். தீட்டு என்கிற அர்த்தத்தில்.

தீட்டு என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். தீட்டுக்கு ஒரு தர்க்கம் உண்டு: அது தொட்டதையெல்லாம் பற்றும். 2005இல் ஃபிரெஞ்சு ஸ்கார்ப்பீன் வகையில் ஆறு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றுக்கான டார்பிடோவை இத்தாலியில், ஃபின்மெக்கானிக்கா குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் வாங்குவதாக முடிவானது. அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனம் விமானப்படைக்கு விற்ற பிரமுகர் ஹெலிகாப்டர் விவகாரத்தில் மாட்டியது. ஹெலிகாப்டருக்கு ஒட்டிய தீட்டு டார்பிடோவுக்கும் ஒட்டிக்கொண்டது. 2016இல் டார்பிடோ பேரமும் ரத்து. கல்வாரி என்ற முதல் கப்பல் 2017 டிசம்பரில் சேர்ந்தபோது, எண்பதுகளில் ஹெச்.டி.டபிள்யூ கப்பல்களோடு வாங்கிய பழைய வகை ஜெர்மன் டார்பிடோக்களைத்தான் அதற்குக் கொடுக்க முடிந்தது. புதிய டார்பிடோவைப் பொருத்துவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பரில். இடையில், 2021 நவம்பரில், பெயர் மாற்றிக்கொண்டிருந்த அந்த இத்தாலியக் குழுமத்தின் மீதிருந்த தடை நிபந்தனைகளோடு நீக்கப்பட்டது. தீட்டுக் கழிந்தது, டார்பிடோ வரவில்லை.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. ஹெச்.டி.டபிள்யூவை விழுங்கிய ஜெர்மன் நிறுவனம்தான் அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கு மசகான் டாக்கின் கூட்டாளி. 2025இல் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட்டது அந்தக் கூட்டு மட்டும்தான். எதிர்த்து நின்ற இந்திய-ஸ்பானியக் கூட்டின் மனு அதற்கு முன்பே தள்ளுபடியாகிவிட்டது. 1986இல் வாங்கிய சங்குஷ் கப்பலின் ஆயுளை நீட்டிக்க 2023இல் 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். துரத்திவிட்ட மாப்பிள்ளையையே நாற்பது வருஷம் கழித்து மாலையோடு வரவேற்கிற வீட்டில், நடுவில் வீணாய்ப்போன காலத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

இதில் அரசின் பங்கை இலக்கிய வகைமையாகப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். 2002இல் முதன்முறையாகப் பாதுகாப்புக் கொள்முதலுக்கு ஒரு நடைமுறை நூல் வெளியிட்டார்கள். அப்புறம் அது திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. 2020இல் பெயரும் மாறியது. தேவை எழுதுவது, ஒப்புதல், விலைப்புள்ளி கேட்பது, சோதனை, பேரம், அமைச்சரவைக் குழு என்று படிப்படியாகப் போகும். தரகு கொடுக்கமாட்டோம் என்று விற்பவன் கையெழுத்திடும் நேர்மை உடன்பாடு ஒன்று உண்டு. ஸ்மிருதி நூல்கள் வளர்ந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு புது விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிராயச்சித்தம். எல்லாப் படியிலும் கறை படாமல் இருப்பது எப்படி என்றுதான் நூல் கவலைப்படுகிறது. எந்தப் படியிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அதிகாரி கற்றுக்கொள்கிறார். முடிவெடுத்தவனை விசாரிக்கலாம். முடிவெடுக்காதவனை விசாரிக்க முடியுமா?

*

இப்போது வில்லன் இல்லாத கதை. அமெரிக்கா.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஒரு 'இல்லாமை'யைக் கண்டுபிடித்தது. கரையோரத்தில் வேகமாக ஓடுகிற, மலிவான சிறு போர்க்கப்பல் தன்னிடம் இல்லை என்றது. ஐம்பதுக்கு மேல் வேண்டும், ஒன்று 22 கோடி டாலர் என்றார்கள். இரண்டு நிறுவனங்கள் இரண்டு வெவ்வேறு வடிவங்களைக் கொண்டுவந்தன. ஒன்று விஸ்கான்சின் மாநிலத்தில் கட்டுவது, இன்னொன்று அலபாமாவில் கட்டுவது. போட்டி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகத் திட்டம். 2010 டிசம்பரில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டையும் வாங்க நாடாளுமன்றம் அனுமதித்தது. இரண்டு கப்பலுக்கும் உதிரிபாகம் வேறு, பயிற்சி வேறு, பழுது வேறு. விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. ஒரு வகையில் எஞ்சின்களை இணைக்கும் பற்சக்கரப் பெட்டியிலேயே கோளாறு. மாலுமிகள் இந்தக் கப்பலுக்கு வைத்த செல்லப் பெயரை நம் பத்திரிகையில் போட முடியாது.

சூ சிட்டி என்ற கப்பல் 2018 நவம்பரில் பணியில் சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஓய்வு பெற்றது. ஐந்து வருஷம் முழுசாகவில்லை. அதற்கு முன்பு கடற்படையே ஒன்பது கப்பல்களை ஓய்வாக்கக் கேட்டபோது, நாடாளுமன்றம் நாலுக்குத்தான் அனுமதி கொடுத்தது. கவனியுங்கள்: வாங்கியவன் 'எனக்கு வேணாம்' என்கிறான், பணம் கொடுத்தவன் 'வச்சுக்கோ' என்கிறான். கப்பல் கடலில் என்ன செய்யும் என்பது கேள்வியே இல்லை. அது எந்தத் துறைமுகத்தில் நிற்கும், எந்தத் தொகுதியில் எத்தனை பேருக்கு வேலை என்பதுதான் கேள்வி. கப்பல் ஒரு குறி. அது சுட்டுவது கடலை அல்ல, கரையை.

இதே காலத்தில் கட்டிய ஸும்வால்ட் நாசகாரிகள் முப்பத்திரண்டாகத் தொடங்கி மூன்றில் முடிந்தன. எண்ணிக்கை குறையக் குறைய, அதன் பீரங்கிக்கென்றே செய்த சிறப்புக் குண்டின் விலை ஏறியது. ஒன்று ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர். 2016இல் குண்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சுட முடியாத பீரங்கிகளோடு கப்பல் மட்டும் மிதந்தது. பிறகு பீரங்கியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏவுகணைக்கு இடம் செய்தார்கள். இந்த மாதிரி இனி வேண்டாம், ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருக்கிற கப்பலின் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம் என்று 2020இல் புதிய ஃப்ரிகேட் திட்டம் தொடங்கினார்கள். மூல வடிவத்தோடு 85 சதவீதம் ஒத்திருக்க வேண்டிய கப்பலை மாற்றி மாற்றி, ஒற்றுமை 15 சதவீதத்துக்கும் கீழே போனது. 2025 நவம்பரில் முதல் இரண்டைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டார்கள்.

இதில் 'ஊழல்' எங்கே? எங்கும் இல்லை. எல்லாம் சட்டப்படி. தரகர்கள் உண்டு, 1995ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, யாருக்காக எவ்வளவு வாங்கினேன் என்று அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற அட்மிரல்கள் நிறுவனங்களின் ஆலோசகர்கள் ஆகிறார்கள். வெளிநாட்டில் லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா 1977இலேயே குற்றமாக்கிவிட்டது, அதாவது ஜெர்மனிக்கு இருபது வருஷத்துக்கு முன்பே. தணிக்கை அலுவலகம் வருஷா வருஷம் கடுமையாக எழுதுகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் தோழர் அங்கே போய் 'எவன் எத்தனை அடிச்சான்' என்று கேட்டால் பதிவேட்டை எடுத்து நீட்டுவார்கள். தீங்கு செய்தவன் என்று யாருமில்லாமலே இவ்வளவும் போயிருக்கிறது. கேட்க வேண்டிய இடம் ஆரம்பத்தில் இருந்தது: கரையோரத்தில் வேகமான சிறு கப்பல் 'இல்லை' என்ற அந்த முதல் வாக்கியம். அதைத்தான் யாரும் சரியாக வாசிக்கவில்லை.

பிரிட்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007இல் இரண்டு விமானந்தாங்கிகளுக்கு 390 கோடி பவுண்டு என்று முடிவு. அடுத்த வருஷமே பணம் இல்லை என்று தாமதப்படுத்தினார்கள். கிட்டத்து வருஷங்களில் 45 கோடி மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்த இந்தத் தாமதத்தால் மொத்தச் செலவு 156 கோடி கூடியதாக அவர்கள் தணிக்கைத் துறையே கணக்குப் போட்டது. 2010இல் புது அரசு வந்து இரண்டாவது கப்பலை ரத்து செய்யலாமா என்று பார்த்தது. கட்டுவதைவிட ரத்து செய்வதற்கு அதிகம் ஆகும் என்று பிரதமர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். கடைசியில் 620 கோடி. ஒரு ஒப்பந்தத்தின் ஷரத்து ஒரு தேசத்தின் இறையாண்மையைவிட வலிமையானது என்பதை இவ்வளவு நாகரிகமாக ஒப்புக்கொண்ட வேறு சந்தர்ப்பம் எனக்குத் தெரியவில்லை. அங்கே எல்லாம் வெளிப்படை. வெளிப்படையாகவே நடந்தது.

*

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, ஒரே கட்டுதளத்தில் பிறந்த கப்பல்களின் கதை. கருங்கடலோரம் உக்ரைனில் மிகொலாயிவ் என்று ஒரு நகரம். சோவியத் காலத்தில் நிக்கொலாயெவ். சோவியத்தின் பெரிய விமானந்தாங்கிகள் எல்லாம் அங்கே கட்டப்பட்டவை. சோவியத் உடைந்ததும் அவை அனாதைகளாயின. கீவ், மின்ஸ்க், நவரசீஸ்க், பாக்கு என்று நாலு சகோதரிகள். நவரசீஸ்க் தென்கொரியாவில் உடைபட்டது. மின்ஸ்க் உடைப்பதற்காக விற்கப்பட்டு, கைமாறி, சீனாவின் ஷென்ஜெனில் 2000இல் கேளிக்கைப் பூங்காவானது. 2024இல் தீப்பிடித்து எரிந்தது. கீவ் இன்னொரு பூங்கா, தியான்ஜினில். நாலாவது, பாக்கு, அட்மிரல் கோர்ஷ்கோவ் என்று பெயர் மாறி, 1994இல் கொதிகலன் வெடித்து, 1996இல் ஓய்வு பெற்று, பிறகு நமக்கு வந்தது.

அதே தளத்தில் பாதி கட்டி நின்றுபோன இன்னொரு கப்பல் வர்யாக். 1998இல் மக்காவ் நிறுவனம் ஒன்று அதை 2 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. எதற்கு? மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்த. மக்காவ் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நிற்க ஆழம் போதாது என்பது ஒரு சின்ன விஷயம். எஞ்சின் ஓடாத அந்த உடலை இழுத்து வந்தபோது துருக்கி தன் நீரிணையில் விடமாட்டேன் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. 2001 நவம்பரில் வழி விட்டது. 2002 மார்ச்சில் கப்பல் போய்ச் சேர்ந்த இடம் மக்காவ் அல்ல, தாலியன் கட்டுதளம். 2012 செப்டம்பரில் அது லியாவோனிங் என்ற பெயரில் சீனக் கடற்படையின் முதல் விமானந்தாங்கி.

நம்முடையது? கப்பல் இலவசம். புதுப்பிக்கும் செலவு மட்டும் கொடுங்கள். 2004 ஜனவரியில் 97.4 கோடி டாலர், 2008இல் தருவோம் என்றார்கள். உள்ளே திறந்து பார்க்கப் பார்க்க வேலை பெருகியது. 2010இல் பேசி முடித்தபோது ஏறத்தாழ 235 கோடி டாலர். 2009இலேயே நம் தணிக்கைத் தலைவர் எழுதிவிட்டார்: குறைந்த ஆயுள் கொண்ட பழைய கப்பலை, புதுக் கப்பலைவிட அதிக விலைக்கு வாங்குகிறோம் என்று. 2012 சோதனை ஓட்டத்தில் எட்டுக் கொதிகலன்களில் ஏழு மக்கர் செய்தன. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று நாம் சொன்னதால் போட்ட செங்கல் காப்பு தாங்கவில்லை. 2013 நவம்பரில் ஒரு வழியாக விக்ரமாதித்யா கைக்கு வந்தது.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனாவுடையது பொய்யில் தொடங்கியது: சூதாட்ட விடுதி. நம்முடையது தானத்தில் தொடங்கியது: இலவசம். இரண்டுமே புனைவுதான். ஆனால் சீனப் புனைவு வெளியாட்களுக்காகச் சொன்னது. தாலியனில் இருந்தவர்களுக்கு எதை வாங்குகிறோம் என்று தெரியும். 'இலவசம்' என்ற நம் புனைவை நாம் நமக்கே சொல்லிக்கொண்டோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று வைத்திருக்கிறோமே, அது.

சீனாவைப் புகழ்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அந்தக் கணக்கை யாரும் கேட்க முடியாது. தணிக்கைத் தலைவர் அறிக்கை என்று ஒன்றைப் பேருந்து நிலையத்தில் நின்று விநியோகிக்க முடியாது. நமக்கு முடியும். முடிந்தும், விக்ரமாதித்யாவைப் பற்றி நம்மில் யார் ஒரு பிரசுரம் போட்டோம்? நான் போடவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் வெட்கமாக இருக்கிறது. தரகன் இல்லை. அரசுக்கும் அரசுக்கும் நேரடி ஒப்பந்தம், அதுவும் பழைய சோவியத் உறவின் தொடர்ச்சி. வில்லன் இல்லாததால் நமக்குக் கதை பிடிபடவில்லை. ஹெச்.டி.டபிள்யூவில் பேசப்பட்ட 7 சதவீதத்துக்கு ஓர் ஆட்சியை ஆட்டிவைத்தோம். இங்கே விலை நூறு சதவீதத்துக்கு மேல் ஏறியதைத் தலைப்புச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம்.

*

தோழர்கள் சிலர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். 'போரே வேண்டாம், ராணுவச் செலவே வேண்டாம்னு சொல்ற நாம, கடற்படை எப்படி நல்லாக் கப்பல் வாங்கணும்னு சொல்லித் தர்றதா?' நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தச் சங்கடம் உண்டு. ஆனால் அந்தக் கப்பலுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறந்தே எழுதிவந்திருக்கிறேன்.

2000இல் கடைசி ருஷ்ய நீர்மூழ்கி சேர்ந்ததற்கும் 2017இல் கல்வாரி சேர்ந்ததற்கும் நடுவில் பதினேழு வருஷம் ஒரு புது டீசல் நீர்மூழ்கிகூட வரவில்லை. 1999இல் கார்கிலுக்குப் பிறகு அரசு ஒப்புதல் கொடுத்த முப்பது வருஷத் திட்டம் 2030க்குள் இருபத்து நாலு கட்டுவதாகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஆறாவது சேர்ந்தது. இருந்த பழைய கப்பல்களையே அனுப்பிப் புதுப்பித்து ஓட்டினார்கள். சிந்துரக்ஷக் அப்படி ருஷ்யாவின் செவரத்வின்ஸ்க்கில், நம் விக்ரமாதித்யாவைச் சீர்செய்துகொண்டிருந்த அதே ஊரில், புதுப்பிக்கப்பட்டு 2013இல் திரும்பி வந்தது. அந்த ஆகஸ்ட் 14 அன்று மும்பைக் கடற்படைத் தளத்தில் நின்றபடியே வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த பதினெட்டுப் பேரும் செத்தார்கள். நடைமுறைகள் மீறப்பட்டதாகக் கடற்படை சொன்னது. ஆறு மாதம் கழித்து சிந்துரத்னாவில் புகை மண்டி இரண்டு அதிகாரிகள் செத்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அமைச்சர் விலகவில்லை. அப்போது அமைச்சர் ஏ. கே. அந்தோணி, 2006 முதல் 2014 வரை அந்தத் துறையில் இருந்தவர், கைசுத்தத்துக்குப் பெயர் போனவர், அவரை ஊழல் என்று எவனும் சொல்லிவிட முடியாது.

கொள்முதல் தாமதத்துக்கும் இந்தச் சாவுகளுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட என்னால் முடியாது. போட்டுக் காட்டினால் அது இன்னொரு வில்லன் கதையாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. நம் பிரதியில் இந்தப் பதினெட்டுப் பேருக்கு ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை. ப்ராப்பின் முப்பத்தொரு செயல்களில் வில்லனுக்கு இடம் உண்டு, கதாநாயகனுக்கு உண்டு, போலிக் கதாநாயகனுக்குக்கூட உண்டு. கப்பலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு இல்லை. அவன் எந்தக் கிராமத்திலிருந்து, எந்தச் சாதியிலிருந்து, என்ன வேலை கிடைக்காமல் அங்கே போனான் என்பது இடதுசாரி எழுத்தின் இயல்பான கேள்வியாக இருந்திருக்க வேண்டும். கமிஷன் தொகையைத் தேடுகிற அவசரத்தில் அதைக் கைவிட்டுவிட்டோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கதையின் வகை இப்போது இங்கேயே மாறிக்கொண்டிருக்கிறது. இறக்குமதி குறைந்து, 'உள்நாட்டிலேயே கட்டுகிறோம்' என்பது அரசின் பெரிய கதையாடலாகிவிட்டது. புது விக்ராந்த் கொச்சியில் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் சேர்ந்தது. கப்பல் கட்டுவது இனிமேல் எங்கேயோ கீலில் நடக்கிற விஷயம் இல்லை, நம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நடக்கிறது. ஆழமற்ற கடலில் நீர்மூழ்கியைத் தேடும் அர்னாலா என்ற கப்பல் அங்கே கட்டப்பட்டு 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்டது. 2022இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ஒன்று பழுதுபார்க்க அங்கே வந்து போனது. தரகன் தேவைப்படாத கதை இது. வேலைவாய்ப்பு, தொகுதி, தொழில் வளர்ச்சி, தேசப் பெருமை. விஸ்கான்சினும் அலபாமாவும் எப்படிப் பேசினவோ அப்படித்தான் நாளைக்கு நம் மாவட்டங்களும் பேசும். 'எங்க ஊருக்கும் ஒரு கப்பல் குடு' என்று நம் தொழிற்சங்கமே கோரிக்கை வைக்கும், அதை எதிர்க்க நம்மிடம் ஒரு சொல்லும் இருக்காது. ஏனென்றால் நம்மிடம் இருப்பது 'ஊழல்' என்ற ஒரே சொல்.

பல வருஷத்துக்கு முன்னால் தென்கோடிக் குப்பம் ஒன்றில், வேறொரு துறைமுக வேலைக்காக இடம் விட்டுப்போன பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் அதையேதான் கேட்டேன்: 'இதுல யார் ஐயா காசு பார்த்தது?' அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: 'ஒருத்தரும் திருடலப்பா. எல்லாம் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தாங்க.' அன்றைக்கு அதை வெகுளித்தனம் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியீட்டின் முதல் பக்கத்தை மாற்றித் தோழருக்கு அனுப்பியிருக்கிறேன். 1994இல் பம்பாயில் வேலை இல்லாமல் போன வெல்டர்களில் அது தொடங்குகிறது. படித்துவிட்டு போன் பண்ணினார். 'நல்லாத்தான் இருக்கு தோழர், ஆனா திருடன் எத்தனாவது பக்கத்துல வர்றான்?' என்றார். இன்னும் யோசிக்கிறேன் என்றேன். அச்சகத்துக்குப் பத்து நாள் கெடு கொடுத்திருக்கிறார்.